கட்டட வேலைத்தளத்தில் பாதுகாப்புப் பண்பாடு: யாழ்ப்பாணத்து ஒப்பந்தகாரருக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் 'சாரம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மேசன் இடுப்பில் கட்டுவது, மற்றது அவர் ஏறி நிற்பது. முதலாவதை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் றப்பர்ச் செருப்புடன், வாயில் ஒரு துண்டு வெற்றிலையுடன் இரண்டாவதில் அவர் ஏறும் காட்சியை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். பார்த்துப் பழகியதால் அதில் எதுவும் தவறாகத் தெரிவதில்லை. அப்படித் தவறாகத் தெரியாமற் போவதே ஒரு பண்பாடுதான், அதுவும் மிக உறுதியானது. ஆகவே இந்த வழிகாட்டியின் வேலை, ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்றை நிலைநிறுத்துவது.

'பாதுகாப்புப் பண்பாடு' என்ற சொற்றொடர் கட்டடத் தொழிலிலிருந்து வந்ததன்று. 1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்த பின்னர், சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுகளோடு அது உலகெங்கும் பரவியது. விதிகள் எழுத்தில் இருந்தும், இயக்கியவர்களும் அவர்களுக்கு மேலிருந்தவர்களும் அவற்றை மீறுவதை இயல்பாகக் கருதியிருந்தார்கள் என்பதைச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. எட்டுப் பேர் வேலை செய்யும் இரண்டு மாடி வீட்டுக்கும் இந்த விளக்கம் பொருந்தும். யாரும் பார்க்காத நேரத்தில் வேலை எப்படி நடக்கிறதோ அதுவே அந்தத் தளத்தின் பாதுகாப்புப் பண்பாடு.

இங்குள்ள தளங்களிற் பெரும்பாலானவை எட்டிலிருந்து முப்பது பேர் வரை வேலை செய்யும் வீடுகள், கடைத்தொகுதிகள், பாடசாலைக் கட்டடங்கள், கோயில் மண்டபங்கள். முழுநேரப் பாதுகாப்பு உத்தியோகத்தரை நியமிக்க இவற்றுக்கு வசதி இருக்காது. கீழ்வரும் படிகள் அத்தகைய தளங்களை மனத்திற் கொண்டே எழுதப்பட்டுள்ளன.

படி 1: முதலில் கூலிக் கணக்கைத் திருத்துங்கள்

பெரும்பாலான பாதுகாப்புக் கையேடுகள் தலைக்கவசத்தில் தொடங்குகின்றன. நான் சம்பளத்தில் தொடங்குகிறேன். ஆடும் பலகையைக் கண்டு வேலையை நிறுத்துகிற மனிதருக்கு அந்த நிறுத்தத்தால் ஒரு சதமேனும் குறையுமானால், மற்ற எல்லா ஏற்பாடுகளும் வீண் என்பதே நீண்டகால மேற்பார்வையில் நான் கண்டது.

நமது வீட்டு வேலைகளிற் பெரும்பகுதி சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பேசி ஒப்படைக்கப்படுகிறது. அந்தத் தொகைக்குள்தான் சாரம் கட்டும் நேரமும் கழற்றும் நேரமும் அடங்குகின்றன. சாரத்தில் ஒரு குறுக்குத்தடியைக் கூட்டினால் அது மேசனின் சொந்தப் பையிலிருந்து போகிறது, குறைத்தால் அது அவருக்கு இலாபம். இப்படி ஒரு கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு 'கவனமாக வேலை செய்யுங்கோ' என்று சொல்வது வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

இதைத் திருத்த மூன்று மாற்றங்கள் போதும். சாரம், கொங்கிறீட் பலகையடிப்பைத் தாங்கும் முட்டுக்கள், குழிக்கான தாங்கல், மின் பாதுகாப்பு ஆகியவற்றை விலைப்பட்டியலில் தனி இனங்களாக எழுதி, அவற்றுக்கெனத் தனித்தொகை கொடுங்கள். அடுத்து, ஆபத்தைச் சுட்டிக்காட்டி வேலையை நிறுத்தியவருக்கும் அவரோடு நின்ற குழுவுக்கும் அந்த நேரத்துக்கான கூலி முழுமையாகக் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள். அவர் கண்டது தவறாக இருந்தாலும் கூலி குறையக் கூடாது, ஏனெனில் ஒருமுறை குறைத்தால் மறுமுறை எவரும் வாய் திறக்க மாட்டார். மூன்றாவதாக, முடிவுத் திகதியைப் பேசும்போதே சில நாட்களை ஒதுக்கிவையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் வீட்டுக்காரர் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குள் குடிபூரலை வைத்துவிட வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்த அவசரம் ஆடி மாதத்தில் இரவு வெளிச்சத்திலும் சோளகக் காற்றிலும் சாரத்தில் நிற்கும் மனிதரின் தலையில்தான் வந்து இறங்குகிறது. அதை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது ஒப்பந்தகாரரின் கடமை.

படி 2: கல் வைக்குமுன் காணியைச் சுற்றி நடங்கள்

அத்திவாரக்கல் வைக்க நல்லநேரம் பார்க்கும் நாம், அதற்கு முதல்நாள் அரைமணித்தியாலம் காணியைச் சுற்றி நடக்கவும் ஒரு நேரம் பார்க்க வேண்டும். தலைமை மேசன், மேற்பார்வையாளர், வீட்டுக்காரர் அல்லது அவரது பிரதிநிதி ஆகிய மூவரும் சேர்ந்து நடப்பதே பயன் தரும்.

மேலே பாருங்கள். ஒழுங்கைகள் ஒடுக்கமாக இருப்பதால் மின்கம்பிகள் மதிலை ஒட்டியே செல்கின்றன. முதல் மாடி எழும்பும்போது அந்தக் கம்பி கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். 20 அடி நீளக் கம்பியை நிமிர்த்தித் தூக்கும்போதும், அலுமினிய ஏணியைத் திருப்பும்போதும் நடக்கும் விபத்துகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன. உயர் அழுத்தக் கம்பி என்றால் தொடவே தேவையில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். கம்பியை நகர்த்தவோ இணைப்பைத் துண்டிக்கவோ மின்சார விநியோக நிறுவனத்திடம் விண்ணப்பிக்கச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் இதை முதல்நாளே தொடங்க வேண்டும்.

கீழே பாருங்கள். பழைய கிணறு, மூடப்பட்ட மலக்குழி, சுண்ணக்கற் பாறைக்கு இடையிலுள்ள வெற்றிடங்கள் ஆகியவற்றை அயலில் உள்ள வயதானவர்களிடம் கேட்டறியுங்கள். காணி உறுதியில் எழுதப்படாத பல விடயங்கள் அவர்களின் நினைவில் இருக்கும்.

வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளிலும், யுத்தம் நடந்த ஏனைய இடங்களிலும் இன்னொரு கேள்வி உண்டு. கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியானாலும், அத்திவாரத்துக்கு ஆழமாக வெட்டும்போது வெடிக்காத எறிகணை தட்டுப்படலாம். துருப்பிடித்த உலோகம் எதுவாயினும் அலவாங்கால் நெம்பக் கூடாது, எடுத்து ஓரமாக வைக்கவும் கூடாது. வேலையை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, இடத்தைத் தூரத்திலிருந்து அடையாளமிட்டு, 119 க்கு அழைத்துப் பொலிசாருக்கு அறிவியுங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், குறிப்பாக யுத்தத்தைக் காணாத இளைஞர்களுக்கு, முதல்நாளே இதைச் சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்கும் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கண்டவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வோர் ஆபத்துக்கும் எதிரே, அதை முற்றாக நீக்க முடியுமா, வேறொன்றால் மாற்ற முடியுமா, தடுப்பு அமைக்க முடியுமா, வேலைமுறையை மாற்ற முடியுமா என்று இந்த ஒழுங்கிலேயே கேளுங்கள். தலைக்கவசமும் கையுறையும் இந்த வரிசையில் கடைசி. அவை ஆபத்தைக் குறைப்பதில்லை, அடி விழும்போது காயத்தை மட்டும் குறைக்கின்றன.

படி 3: உயரத்தில் வேலை

உலகெங்கும் கட்டடத் தொழிலாளரைக் கொல்லும் காரணங்களில் விழுதலே முன்னிற்கிறது. ஆகவே இந்தப் படியில் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள்.

தடிகளாற் கட்டும் சாரம் இன்னும் வழக்கில் இருக்கிறது, இரும்புச் சாரம் வாடகைக்கும் கிடைக்கிறது. இரண்டு மாடிக்கு இரும்பையே தெரிவு செய்யுங்கள். எதுவாயினும் கால்கள் நேரே மண்ணில் நிற்கக் கூடாது. செம்மண் மழையில் இளகும், கரையோர மணல் எப்போதும் இளகும். ஒவ்வொரு காலின் கீழும் அகலமான பலகை வையுங்கள். உடைந்த சீமெந்துக் கல்லை அடுக்கி உயரம் சமப்படுத்துவது கூடவே கூடாது. சாரத்தைச் சுவரோடு இடையிடையே இறுகக் கட்டுங்கள். மேடையின் முழு அகலத்துக்கும் பலகை இருக்க வேண்டும், பலகையின் முனை குறுக்குத்தடிக்கு அப்பால் ஒரு சாண் அளவாவது நீள வேண்டும். அதிகம் நீண்டால் அந்த முனையை மிதிப்பவர் கவிழ்வார். குறைந்தால் பலகை நழுவும். எனவே இரண்டு முனைகளையும் கட்டுங்கள். மேடையின் வெளிப்புறத்தில் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் ஒரு தடுப்புத்தடி, அதற்கும் மேடைக்கும் நடுவில் இன்னொன்று, கருவிகள் உதைபட்டு விழாதிருக்க அடியில் ஒரு விளிம்புப் பலகை என மூன்றும் தேவை. புதுவீட்டுக்கு வெருளி கட்டாதவர் இங்கே அரிது, தடுப்புத்தடி கட்டியவரும் அரிது. கண்ணூறு கழிய ஒரு பொம்மையைக் கட்ட நேரம் கிடைக்கிறதென்றால் இரண்டு தடிகளைக் கட்டவும் கிடைக்கும்.

சாரம் கட்டி முடிந்ததும் ஒருவர் பொறுப்பேற்றுப் பார்வையிட்டு ஒப்பமிட வேண்டும். பிறகு ஏழு நாளுக்கு ஒருமுறையும், கடும் மழைக்கோ காற்றுக்கோ பின்பும் மீண்டும் பார்வையிட வேண்டும். பார்த்த திகதியைச் சாரத்தின் அடியிலேயே ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். அட்டை இல்லாத சாரத்தில் ஏற மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு என்பதும் கூலிக் கணக்கோடு சேர்ந்த விதிதான்.

ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஓரடி வெளியே வரும் சாய்வில் வையுங்கள். ஏறி இறங்கும் தளத்துக்கு மேலே அது ஒரு மீற்றர் நீண்டிருக்க வேண்டும், தலைப்பகுதி கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏணி ஏறுவதற்கு மட்டுமே. அதில் நின்று பூச்சு வேலை செய்ய விடாதீர்கள்.

பாதுகாப்பு வார்ப்பட்டி, அதாவது உடலில் மாட்டிக் கயிற்றால் கட்டும் பட்டி, எந்த உயரத்திலும் காப்பாற்றும் என்ற தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. வார்ப்பட்டியின் கயிறு ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளமானது. விழும்போது அதிலுள்ள அதிர்ச்சி உறிஞ்சி விரிந்து மேலும் ஒரு மீற்றருக்கு மேல் நீளும். அதற்குக் கீழே மனித உடலின் நீளத்தையும், தரைக்கு மேல் ஓர் இடைவெளியையும் கூட்டினால், கயிறு கட்டப்பட்ட புள்ளியிலிருந்து கீழே ஐந்து மீற்றருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். நமது வீடுகளில் முதல் மாடித் தளம் நிலத்திலிருந்து பத்தடி, அதாவது மூன்று மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நெஞ்சுயரத்தில் கயிற்றைக் கட்டினாலும் மொத்தம் நாலரை மீற்றர்தான் வரும். அந்த மனிதர் வார்ப்பட்டியோடு சேர்ந்தே தரையில் அடிபடுவார். இந்த உயரங்களில் தடுப்புத்தடியே காப்பாற்றும். வார்ப்பட்டி கட்டாயம் வேண்டுமென்றால், விளிம்பை எட்ட முடியாத அளவுக்குக் கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டுங்கள். யாழ்ப்பாணக் கலாசார மையத்தின் பதினொரு மாடிக் கோபுரம் போன்ற கட்டடங்களில் வார்ப்பட்டியின் கதை வேறு. ஆனால் அங்கேயும் எங்கே கட்டுவது என்பதைப் பொறியியலாளர் தீர்மானிக்க வேண்டும், அப்போது கைக்கெட்டிய கம்பி தீர்மானிக்கக் கூடாது.

கூரை வேலையில் அஸ்பெஸ்டஸ் தகடு தனி ஆபத்து. பார்க்க உறுதியாக இருக்கும், கால் வைத்த கணத்தில் உடையும். ஆணி வரிசையை மிதித்து நடந்தால் உடையாது என்ற நம்பிக்கையைக் கைவிட்டு, பனஞ்சிலாகைகளுக்குக் குறுக்கே நீண்ட பலகை போட்டு அதில் மட்டும் நடங்கள். பழைய தகட்டைக் கிரைண்டரால் வெட்டாதீர்கள். நனைத்து, முழுதாக இறக்குங்கள், ஏனெனில் அதன் தூசு பல ஆண்டுகள் கழித்துத்தான் நுரையீரலில் தன் வேலையைக் காட்டும். சோளகம் வீசும் மாதங்களில் பிற்பகலில் தகடு ஏற்றாதீர்கள். கையிலுள்ள தகடு பாயாகிவிடும், பிடித்திருப்பவரும் அதோடு போவார்.

படி 4: குழி, கிணறு, மலக்குழி

ஒரு கனமீற்றர் மண் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எடை கொண்டது. மார்பளவு மண் சரிந்தாலே மூச்செடுக்க முடியாது. ஒன்றரை மீற்றரிலும் ஆழமான எந்தக் குழியிலும் பக்கங்களைச் சாய்த்து வெட்டுங்கள் அல்லது பலகையும் குறுக்கு முட்டும் கொடுங்கள். மணற்பாங்கான நிலத்தில் அதற்கும் முன்னரே இதைச் செய்ய வேண்டும். வெட்டிய மண்ணைக் குழியின் ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளிப் போடுங்கள். சுண்ணக்கல் தானாக நிற்கும் என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின், கல்லுக்கிடையிலுள்ள மண் கரைந்து பெருங்கல் ஒன்று தனியே கழன்று விழுவதை நான் கண்டிருக்கிறேன்.

கிணறும் மலக்குழியும் இதைவிடக் கொடியவை, ஏனெனில் அங்கே ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கிணற்றுக்குள் நீரிறைக்கும் இயந்திரத்தை இறக்கி இயக்கினால் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு கிணற்றிலேயே தங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலக்குழியில் உருவாகும் ஐதரசன் சல்பைட்டுக்கு முதலில் அழுகிய முட்டை மணம் இருக்கும், செறிவு கூடியதும் மூக்கு மரத்து மணமே தெரியாமற் போகும். மணம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மிக ஆபத்தான கணத்தில் இறங்குகிறார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவை மட்டுமே காட்டும், நச்சு வாயுவைக் காட்டாது. மலக்குழியில் எரிவாயு இருந்தால் அந்த விளக்கே வெடிப்புக்குக் காரணமாகும்.

எனவே இயந்திரத்தை எப்போதும் வெளியே வைத்துக் குழாயை மட்டும் இறக்குங்கள். வாயு அளவிடும் கருவியை வாடகைக்கு எடுங்கள். காற்றில் ஒட்சிசன் இயல்பாக 20.9 வீதம் இருக்கும், 19.5 வீதத்துக்குக் கீழ் என்றால் இறங்கக் கூடாது. ஊதியால் தொடர்ந்து காற்றுச் செலுத்துங்கள். இறங்குபவர் உடலில் வார்ப்பட்டி, அதிலிருந்து மேலே ஒரு கயிறு, மேலே அவரைத் தூக்கக்கூடிய ஏற்பாடு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் என இவை எல்லாம் இருந்தால் மட்டுமே அனுமதி. ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைக் காப்பாற்றத் தம்பியோ மச்சானோ குதிப்பதும், இரண்டாவதாக இறங்கியவரும் இறப்பதும் இந்த வகை விபத்தின் வழக்கமான கதை. 'எவர் விழுந்தாலும் எவரும் இறங்கக் கூடாது, கயிற்றால் மட்டுமே தூக்க வேண்டும்' என்பதை வேலை தொடங்குமுன் உரக்கச் சொல்லி, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

படி 5: சிலாப் போடும் நாள்

ஐந்தங்குலத் தடிப்பான கொங்கிறீட் சிலாப் ஒரு சதுர மீற்றருக்கு 300 கிலோ எடை கொண்டது. ஆயிரம் சதுர அடி என்றால் ஏறத்தாழ 28 தொன். அது இறுகும்வரை முழுவதும் முட்டுக்கால்களில் நிற்கிறது, அதன்மேல் ஆட்களும் நடக்கிறார்கள். முட்டுக்காலை நேராக நிறுத்தி, அடியிற் பலகை வைத்து, குறுக்கே பிணைத்திருக்கிறார்களா என்று முதல்நாள் மாலையிலேயே பொறியியலாளரோ தொழில்நுட்ப உத்தியோகத்தரோ பார்த்து ஒப்பமிட வேண்டும். நல்லநேரத்துக்குக் கலவை தொடங்க வேண்டும் என்று காலை ஐந்து மணிக்குப் பார்வையிட வருவது வெறும் சடங்கு. கொங்கிறீட்டை ஓரிடத்திற் குவிக்காமல் பரவலாக ஊற்றுங்கள், ஊற்றும்போது சிலாப்பின் கீழே எவரையும் நிற்க விடாதீர்கள். முட்டுக்களைக் கழற்றும் நாளைப் பொறியியலாளர் எழுத்தில் தர வேண்டும். முட்டு வாடகை ஏறுகிறது என்பதற்காக முன்கூட்டிக் கழற்றுவது, மூன்று நாள் வாடகைக்கு முழு வீட்டையும் பந்தயம் வைப்பதாகும்.

நிமிர்ந்து நிற்கும் கம்பி முனைகளுக்கு மூடி போடுங்கள். மூடி கிடைக்காவிட்டால் வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தலைக் கவிழ்த்தாவது வையுங்கள். அது கீறலைத் தடுக்கும், மேலிருந்து விழுபவரைக் காக்காது. ஆகவே விழக்கூடிய இடத்தில் கம்பியை வளைத்துவிடுவது நல்லது.

படி 6: மின்சாரமும் கருவிகளும்

தற்காலிக இணைப்பில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு கிரைண்டரும் இயங்கக் கூடாது. வாரம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வயரை நீர் தேங்கிய தரையில் இழுக்காமல் உயரத்தில் கட்டுங்கள், ஒட்டுப்போட்ட வயரைத் தூக்கி எறியுங்கள். கிரைண்டரின் காப்பைக் கழற்றிப் பெரிய தட்டு மாட்டும் பழக்கத்தைக் கண்ட இடத்தில் நிறுத்துங்கள், ஏனெனில் சிறிய கிரைண்டரின் வேகத்தைப் பெரிய தட்டு தாங்காது.

விஜயதசமிக்குக் கருவிகளைக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம். அந்த நாளை ஆண்டுப் பரிசோதனை நாளாகவும் ஆக்கிவிட்டால் இரண்டுமே நிறைவேறும். வழிபாட்டுக்கு முன் ஒவ்வொரு கருவியையும் சோதித்து, தேறாததைப் பூசைக்கே வைக்காமல் விடுங்கள். எங்கள் குழுவில் இது ஏற்பட்ட பிறகு உடைந்த பிடியுள்ள சுத்தியலைக் கொண்டுவர ஆட்களே வெட்கப்படுகிறார்கள்.

சீமெந்து தோலை அரிக்கும். வெறுங்காலோடு ஈரக் கொங்கிறீட்டில் நிற்பவரின் காலில் மாலையில்தான் புண் தெரியும். நீண்ட றப்பர்ச் சப்பாத்தை ஒப்பந்தகாரரே வாங்கிக் கொடுக்க வேண்டும், அவரவர் அளவில்.

படி 7: இளையவர் வாய் திறக்கும் வழி

வடமராட்சியில் நான் மேற்பார்வை செய்த ஒரு வீட்டில், சாரத்துப் பலகை ஒன்றின் முனை குறுக்குத்தடியில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டுமே பதிந்திருந்தது. மேசன் மறுமுனையில் கால் வைத்ததும் பலகை நழுவியது. அவர் தடியைக் கட்டிப் பிடித்துத் தொங்கிவிட்டார். பலகையும் சாந்துத் தாச்சியும் கீழே விழுந்து, சற்றுமுன் கையுதவிப் பையன் நின்ற இடத்தில் சாந்து சிதறிக் கிடந்தது. அந்தப் பையன் பலகையைக் காலையிலேயே கவனித்திருந்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமா கட்டினது, நான் என்னெண்டு பிழை சொல்லுறது?" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஏனெனில் அந்தத் தளத்தில் அப்படிச் சொல்ல ஒரு வழியை நான் ஏற்படுத்தியிருக்கவில்லை.

மூத்தவரைத் திருத்துவது மரியாதைக்குறைவு என்ற எண்ணத்தை உரை நிகழ்த்தி மாற்ற முடியாது. மரியாதைக்குள்ளேயே அதற்கொரு வழி செய்ய வேண்டும். ஒவ்வொரு காலையும் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் கூடுங்கள். அன்றைய வேலை என்ன, அதில் எது கையைக் காலை முறிக்கும் என்று தலைமை மேசன் சொல்லட்டும். பிறகு மிக இளையவர் தளத்தைச் சுற்றிவந்து தாம் கண்டதை முதலிற் சொல்லட்டும். அது அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை ஆகிவிட்டால், 'அண்ணை, அந்தப் பலகை ஆடுது, இறங்குங்கோ' என்பது எதிர்த்துப் பேசுவதாகாது. தலைமை மேசன் அதற்கு 'சரி தம்பி, நல்லாப் பார்த்தாய்' என்று சொல்லி உடனே இறங்க வேண்டும். அவர் இறங்கும் அந்தக் கணத்தைத்தான் முழுக் குழுவும் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் மாதத்தில் அவர் ஒருமுறை எரிந்து விழுந்தால் ஆறு மாத உழைப்பு போய்விடும். இதை அவரோடு தனியே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேற்று மாவட்டங்களிலிருந்து சிங்களம் பேசும் தொழிலாளர் வந்திருந்தால் காலைப் பேச்சு இரு மொழியிலும் நடக்க வேண்டும். புரியாமல் தலையாட்டுபவரை அனுமதிக்காமல், சொன்னதைத் திருப்பிச் செய்து காட்டச் சொல்லுங்கள். மேற்பார்வையாளரும் வீட்டுக்காரரும் தளத்துக்குள் வரும்போது தலைக்கவசம் அணியாவிட்டால், நீங்கள் சொன்னது எதுவும் நிற்காது.

படி 8: தலைப்பாகையோடு போனதை எழுதிவையுங்கள்

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்று சொல்லி, கற்பூரம் கொளுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவது நமது வழக்கம். அந்தத் தலைப்பாகையைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு கொப்பி போதும்: திகதி, இடம், நடந்தது, நடந்திருக்கக் கூடியது, மாற்றியது, மாற்றியவர். கடைசி இரண்டு நிரல்களும் வெறுமையாக இருந்தால் கொப்பி குப்பைக்குச் சமம்.

விசாரிக்கும்போது 'யார்' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏன் பலகை குட்டையாக இருந்தது, ஏன் நீளப் பலகை இல்லை, ஏன் அது வேறு தளத்துக்குப் போனது என்று கேட்டுக்கொண்டு போனால், பெரும்பாலும் அந்தக் கேள்விகள் ஒப்பந்தகாரரின் மேசையில்தான் வந்து நிற்கும். மறதியையும் அறியாமையையும் தண்டிக்காதீர்கள். தெரிந்துகொண்டே தடுப்பைக் கழற்றியவரையும், குடித்துவிட்டு வந்தவரையும் அன்றே வீட்டுக்கு அனுப்புங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை எல்லோரும் முன்பே அறிந்திருக்க வேண்டும். 'விபத்தில்லா மாதத்துக்குப் பரிசு' வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அது விபத்தைக் குறைக்காமல் காயத்தை ஒளிக்கவே பழக்குகிறது. கொப்பியில் அதிகம் எழுதியவருக்கு ஏதாவது கொடுங்கள்.

படி 9: வெயில், தண்ணீர், கழிப்பறை, நுளம்பு

பங்குனி, சித்திரை வெயிலில் கம்பி கட்டும் வேலையையும் கூரை வேலையையும் விடியற்காலையில் தொடங்கி முற்பகலில் முடியுங்கள். நிழலும் குடிநீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தலைசுற்றலோடு சாரத்தில் நிற்பவருக்குத் தடுப்புத்தடி மட்டும் போதாது. கழிப்பறை இல்லாத தளத்தில் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கிறார்கள், குறிப்பாகப் பெண் தொழிலாளர். சிலாப்பில் நீர் தேக்கும் நாட்களில் நுளம்பு பெருகாமல் பாருங்கள், அது 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம்.

படி 10: விபத்து நடந்த முதல் பத்து நிமிடமும், அதற்குப் பின்பும்

விழுந்தவரைக் கை, காலிற் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் மடக்கி ஏற்றும் காட்சிதான் நமது அவசர உதவி. முள்ளந்தண்டில் வெடிப்பு இருந்தால் அந்தத் தூக்கலே அவரை வாழ்நாள் முழுதும் படுக்கையில் விடும். அவர் மூச்சு விடுகிறாரானால், மேலே வேறு ஆபத்து இல்லையானால், அசைக்காமல் தலையை இரு கையாலும் நிலையாகப் பிடித்துக்கொண்டு 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். இந்தச் சேவை 2018 யூலையிலிருந்து வடக்கிலும் இயங்குகிறது. ஒழுங்கை முனைக்கு ஓர் ஆளை அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் இணைப்பைத் துண்டியுங்கள். முதலுதவி பயின்ற இருவராவது எப்போதும் தளத்தில் இருக்க வேண்டும்.

யாழ் போதனா வைத்தியசாலைக்கு எந்த வழியாக, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் எது அண்மையில் என்பதைத் தள வாசலில் எழுதி ஒட்டுங்கள். நெடுந்தீவில் வேலை எடுப்பவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் படகில்தான் வர வேண்டும், கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதுவும் உறுதியில்லை. அத்தகைய நாட்களில் உயர வேலையையும் ஆழ்குழி வேலையையும் தவிர்த்து, நிலத்தில் செய்யக்கூடியவற்றை ஒதுக்கிவைத்திருங்கள்.

சட்டப்பொறுப்பைச் சுருக்கமாகச் சொல்வதானால், 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பாரிய விபத்துகளைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடமையை விதிக்கிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காயமடைந்தவருக்கும், இறந்தவரில் தங்கியிருந்தோருக்கும் நட்டஈடு உரித்தாகிறது. வேலையை உபகுத்தகைக்குக் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் முதன்மை ஒப்பந்தகாரரைக் காப்பாற்றாது. ஆகவே தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியை வேலை தொடங்குமுன் எடுங்கள், தினக்கூலி ஆட்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நாள்தோறும் பதியுங்கள். பெயர் பதியப்படாத மனிதரின் குடும்பம், அவர் அன்று அங்கே வேலை செய்தார் என்பதை நிரூபிக்கவே பல மாதங்கள் அலைய வேண்டியிருக்கும்.

விபத்துக்கு மறுநாள் காலைப் பேச்சை வழமையான நேரத்திலேயே நடத்துங்கள். நடந்ததை மறைக்காமற் சொல்லுங்கள், காயமடைந்தவரின் நிலையைச் சொல்லுங்கள், முதல்நாள் நிறுத்திய நேரத்துக்கான கூலியை எல்லோருக்கும் அங்கேயே எண்ணிக் கொடுங்கள். அதன் பிறகே சாரத்தில் எவரையும் ஏறச் சொல்லுங்கள்.